குழந்தைகளின் எதுக்களிப்பும் நுண்துளை அறுவை சிகிச்சையும்

கைக்குழந்தை பால் குடித்ததும் கக்குவது நோயல்ல. பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை வயதுக்குள் தானாக நின்றுவிடும். எடை ஏறாமல் போனாலோ, மூச்சுக்குழாய்க்குள் பால் புகுந்து அடிக்கடி நிமோனியா கண்டாலோ, உணவுக்குழாய்ப் புண் மருந்துக்கு அடங்காவிட்டாலோதான் அறுவை சிகிச்சை என்ற பேச்சே எழும். மூளை பாதிப்பால் விழுங்க முடியாத குழந்தைகளுக்கு வயிற்றில் துளையிட்டு, இரைப்பைக்குள் ஊட்டக்குழாய் வைக்கவும் நேரும்.

இரண்டில் ஊட்டக்குழாய்தான் முதலில் கத்திக்குத் தப்பியது. 1894இல் மார்ட்டின் ஸ்டாம் விவரித்த முறைப்படி, வயிற்றைத் திறந்தே குழாயைத் தைத்துவந்தார்கள். 1979 ஜூன் 12 அன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், குழந்தை அறுவை மருத்துவர் மைக்கேல் காடரரும் எண்டோஸ்கோப்பி வல்லுநர் ஜெஃப்ரி பான்ஸ்கியும் நாலரை மாதக் குழந்தை ஒன்றுக்கு வேறு வழியில் அதை வைத்தனர். வாய் வழியே எண்டோஸ்கோப்பை இறக்கி, இரைப்பையைக் காற்றால் உப்பவைக்க வேண்டும். அறை விளக்கைத் தணித்தால் கருவியின் வெளிச்சம் வயிற்றுத் தோலில் தெரியும். அந்த இடத்தில் ஊசி குத்தி நூலைச் செலுத்தி, உள்ளே கண்ணியால் பற்றி, வாய் வழியாக வெளியே எடுக்க வேண்டும். நூல் முனையில் குழாயைக் கட்டி, வயிற்றுப் பக்கமிருந்து இழுத்தால் குழாய் தன் இடத்தில் வந்து நிற்கும். பக்கவாதம் கண்ட முதியவர்களுக்கு இன்று வைக்கும் 'பெக்' குழாய் இதுதான். அது ஒரு குழந்தைக்காகப் பிறந்தது என்பதைப் பலரும் அறியார்.

எதுக்களிப்புக்கான அறுவை இன்னும் காத்திருந்தது. இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயின் அடியைச் சுற்றிச் சால்வைபோல் போர்த்தித் தைக்கும் முறையை ருடால்ஃப் நிஸ்ஸன் 1956இல் வெளியிட்டார். அதையே வயிற்றைத் திறக்காமல், நுண்துளைகள் வழியே லேப்ராஸ்கோப்பியில் செய்ததை 1991இல் பெல்ஜியத்தின் பெர்னார்ட் டால்மான்ய் அறிவித்தார். 1993க்குள் குழந்தைகளுக்குச் செய்த அனுபவங்களும் அச்சேறின.

வெளிக்காயம் சுருங்கியதே தவிர, உள்ளே வெட்டுவது குறையவில்லை. உணவுக்குழாயை உதரவிதானத்தோடு பிணைக்கும் சவ்வை முழுக்கப் பிரித்துவிட்டுத்தான் பலர் தைத்தார்கள். அமெரிக்காவில் கான்சஸ் சிட்டியும் அலபாமாவின் பர்மிங்காமும் சேர்ந்து நடத்தி, 2011இல் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வு அந்தப் பழக்கத்தை உலுக்கியது. சவ்வைப் பிரித்த குழந்தைகளில் 30 சதவீதத்தினருக்குப் போர்த்திய பகுதி மார்புக்குள் ஏறியிருந்தது. சவ்வைத் தொடாமல் விட்டவர்களிடம் அது 7.8 சதவீதமே.

குழாய் வைக்கும்போதே எதுக்களிப்புக்கும் சேர்த்துத் தைத்துவிடும் வழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. தைத்தபின் சில குழந்தைகளால் ஏப்பமும் விட முடியாது, வாந்தியும் எடுக்க முடியாது. வயிறு உப்பி ஓங்கரித்துத் தவிப்பார்கள். அதனால் இப்போது பல இடங்களில் குழாயை மட்டும் முதலில் வைத்துப் பார்க்கிறார்கள்.