யாழ்ப்பாணத்துக் கையெழுத்துக் கடிதம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கையால் எழுதிய கடிதம், உத்தியோகத்துக்காகவும் படிப்புக்காகவும் பின்னர் உயிர் தப்பவும் ஊரைவிட்டுப் போனவர்களும் ஊரில் இருந்தவர்களும் உறவைப் பேணிய முதன்மையான வழியாக நெடுங்காலம் இருந்தது. இலங்கையின் முதலாவது தபால் முத்திரை 1857 ஏப்ரல் 1ஆம் திகதி வெளிவந்தது. கைத்தொலைபேசி குடாநாட்டுக்குள் பரவியது 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்துக்குப் பின்னர்தான். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலமே இந்தக் கடிதத்தின் காலம் எனலாம். ஊற்றுப்பேனை, மைப்போத்தல், கனத்த தாள் ஆகியவற்றைத் தேடிச் சேர்ப்பது இன்று உலகெங்கும் ஒரு பொழுதுபோக்கு. அந்த ரசனையைப் பற்றி எழுதுவோர் பொருளிலிருந்தே தொடங்குவார்கள்: பேனை நல்லதென்றால் எழுத்து இனிக்கும், தாள் உயர்ந்ததென்றால் கடிதமும் உயரும். யாழ்ப்பாணத்தின் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. இங்கே மிக மலிவான தாளில் வந்த கடிதங்களே மிகவும் விரும்பிப் படிக்கப்பட்டன. எழுதியவரின் கையை அதில் கண்டுகொள்வதுதான் கடிதத்தின் இன்பம். அந்தக் கையைத் தாளும் மையும் எவ்வளவு காட்டின, எவ்வளவு காலம் காத்தன என்பதைக் கொண்டே அவற்றை மதிப்பிட வேண்டும்.

காகிதத்துக்கு முன்னர் பனையோலை இருந்தது. எழுத்தாணியால் கீறிக் கரி தடவிய ஓலையில் கையின் அழுத்தம் தெரியுமே தவிர வேகமும் தயக்கமும் அதிகம் தெரியாது. ஓலை கிழியும் என்று புள்ளியைக்கூட விட்டுவிட்டு எழுதினார்கள். தாளும் மையும் ஐரோப்பியரின் கந்தோர்களோடும் மிஷன் பாடசாலைகளோடும் வந்து பழக்கமாயின. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலையைத் தொடக்கிய ஹரியற் வின்சிலோவின் வாழ்க்கை வரலாறு, அவருடைய கடிதங்களையும் நாட்குறிப்பையும் கொண்டு 1835இல் வெளியானது. 1847இல் வந்து மானிப்பாயில் மருத்துவப் பணி செய்த சாமுவேல் பிஸ்க் கிறீன் எழுதிய கடிதங்கள், அவர் இறந்தபின் 1891இல் நூலாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குடாநாட்டை அறிய இவை அருமையான சான்றுகள். ஆனாலும் அவை அச்சுக்காகத் தெரிவு செய்து கோக்கப்பட்டவை. செய்தி கிடைக்கிறது, கை கிடைப்பதில்லை. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்களுக்கோ கடிதம் தொழிற்கருவி. ஏட்டுப் பிரதி எங்கே இருக்கிறது, யார் தருவார் என்று விசாரித்து எழுதியே பழந்தமிழ் நூல்களை அச்சேற்றினார்கள். அவ்வாறே பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களை எறியாமல் வைத்திருந்தபடியால்தான், 1877 முதல் 1900 வரையான கடிதங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘உ.வே.சா. கடிதக் கருவூலம்’ என்ற தொகுப்பாக 2018இல் கொண்டுவர முடிந்தது.

பிரித்தானியர் ஆட்சியில் நல்ல கையெழுத்துக்குச் சம்பளம் இருந்தது. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்க வேண்டும் என்று சொல்லிப் பிள்ளைகளை வளர்த்த சமூகம், கிளாக்கர் உத்தியோகத்துக்கு முதல் தகுதி தெளிவான எழுத்து என்பதை நன்கு அறிந்திருந்தது. தமிழுக்கு இரட்டைவரிக் கொப்பி, ஆங்கிலத்துக்கு நாலுவரிக் கொப்பி என்று பாடசாலைகள் கையைப் பழக்கின. அந்தக் கையோடுதான் கொழும்புக்கும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் நில அளவைப் பகுதிக்கும் ஆட்கள் போனார்கள். மாதம் தவறாமல் வந்த மணியோடருக்கு முன்னோ பின்னோ ஒரு கடிதமும் வந்தது. காங்கேசன்துறை வரையான புகையிரதப் பாதை 1905இல் திறக்கப்பட்டபின், கொழும்புத் தபால் இரவோடிரவாகக் குடாநாட்டை அடையத் தொடங்கியது. தெற்கே வேலை, வடக்கே குடும்பம் என்ற வாழ்க்கை முறை நிலைத்ததில் மெயில் கோச்சிக்கு உள்ள பங்கைச் சமூக வரலாற்றாளர்கள் இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை என்றே தோன்றுகிறது.

ஊற்றுப்பேனைக்கு இந்தக் கதையில் உள்ள இடம், அது எழுதும் விதத்திலேயே இருக்கிறது. நிப்பின் நடுவே ஓடும் மெல்லிய பிளவு வழியாக மை தானாக இறங்குகிறது; இறங்கிய அளவுக்குக் காற்று உள்ளே ஏற வேண்டும். இந்தக் கொடுக்கல் வாங்கலை ஒழுங்குபடுத்தும் அமைப்புக்கு லூயிஸ் எட்சன் வாட்டர்மன் 1884இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். கையை அழுத்த வேண்டியதில்லை என்பதால் எழுதுபவரின் ஓட்டம் அப்படியே தாளில் விழுகிறது. ‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்கு யோசித்த இடத்தில் மை தேங்கிக் கறுத்திருக்கும். மனப்பாடமான வரிகளில் மெலிந்து ஓடியிருக்கும். பக்கம் திருப்பும் அவசரத்தில் ஒற்றுத்தாள் வைக்க மறந்த இடத்தில் ‘ழ’வின் கீழ்ச்சுழி இழுபட்டிருக்கும். தமிழ் எழுத்து வளைவுகளால் ஆனது. ஆகவே இந்த ஏற்ற இறக்கம் ஒவ்வொரு வரியிலும் தெரியும். மையிலும் வேறுபாடு உண்டு. பாடசாலைப் பிள்ளைகள் பாவித்த கழுவக்கூடிய நீல மை துணிக்கு நல்லது, கடிதத்துக்குக் கூடாது: நாட்பட வெளிறும், உறை மழையில் நனைந்தால் விலாசமே கரையும். அதற்காக விலாசத்தின்மேல் மெழுகுதிரி தேய்த்தவர்கள் உண்டு. இரும்பு கலந்த கருநீல மை தாளின் நாருக்குள் இறங்கிக் கறுத்து நிற்கும். கடுக்காயின் துவர்ப்பையும் அன்னபேதியையும் சேர்த்து நம்மவர் காய்ச்சிய மையும் இதே இரசாயனந்தான். உயர்ந்த பொருள் என்ற சொல்லுக்கு இந்த இடத்தில் மட்டும் அர்த்தம் இருக்கிறது. தங்க நிப்பும் பளபளக்கும் மூடியும் வாங்குபவரின் விருப்பம்.

பேனைக்கும் மைக்கும் தாளுக்கும் இடையிலான இந்தச் சமன்பாட்டை வெளிநாட்டுத் தபால் மாற்றியது. விமானத் தபாலுக்கு நிறைப்படி கட்டணம். எனவே தாள் மெலிந்தது. மெல்லிய தாளின் இரு பக்கமும் எழுதினால் ஊற்றுப்பேனையின் மை மறுபக்கம் தெரியும். 1938இல் லாஸ்லோ பிரோ காப்புரிமை பெற்ற குமிழ்முனைப் பேனைக்கு அந்தக் குறை இல்லை. பேனைப் பிரியர்கள் அதை எவ்வளவு இகழ்ந்தாலும், இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போன கடிதங்களைக் கொண்டுசேர்த்தது அதுதான். ஏரோகிராம் இன்னும் கண்டிப்பானது. ஒரே தாள், மடித்து ஒட்டினால் அதுவே உறை, உள்ளே எதையும் வைக்க முடியாது. மேல் மூலையில் பிள்ளையார் சுழி, ஊர், திகதி. நாங்கள் நல்ல சுகம், உங்கள் சுகத்துக்கு நல்லூரானை வேண்டுகிறோம் என்ற தொடக்கம். பிறகு காணி, கலியாணம், காய்ச்சல், மழை. இடம் முடிந்ததும் எழுத்து சிறுக்கும், ஓரத்தில் நெடுக்காக ஏறும், ஒட்டும் மடிப்பு வரை போகும். கவனமில்லாமல் வெட்டித் திறந்தால் ஒரு வரி போய்விடும். தாராளமான தாளில் எழுதிய கடிதங்களைவிட இவற்றில் சொல் செறிந்து நிற்பதற்கு இந்த நெருக்கடியே காரணம்.

கடிதத்தின் மதிப்பு தாளில் அல்ல, கையில் இருக்கிறது என்பதை உறுதிப்படுத்தும் வலுவான சான்று போர்க்காலம். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டுக்குப் புகையிரதம் நின்றது. மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமற் போயின. எரிபொருளும் மின்கலமும் தடைப்பட்டியலில் இருந்தன. சிறிதளவு மண்ணெண்ணெயில் எரியும் ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். பெரியவர்கள் கடிதம் எழுதினார்கள். பத்திரிகைகளே கோடிட்ட கொப்பித் தாளில் அச்சாகின. தபால் வாரக்கணக்கில் தங்கி, கப்பலில் வந்தது. அவசரமானதைக் கிளாலிக் கடல்நீரேரியைக் கடக்கும் ஆட்களின் கையில் கொடுத்தனுப்பினார்கள். பிரிந்த குடும்பங்களுக்கிடையே செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு எடுத்துச்சென்ற படிவங்களில் குடும்பச் செய்தி மட்டும் எழுதலாம். மூடி ஒட்ட முடியாது, வாசிப்பதற்கு எல்லோருக்கும் திறந்திருக்கும். எழுதுகருவி என்ற அளவில் அதைவிட வறிய தாள் இல்லை. ஆனால் தெரிந்த கையெழுத்தில் இரண்டு வரி இருந்தால் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று பொருள். செய்தியை யாரும் சொல்லலாம், கையெழுத்தை வேறொருவர் போட முடியாது.

இதற்கு மறுப்புகள் உண்டு. எழுதத் தெரியாதவர்களின் கடிதங்கள் அவர்கள் கையால் எழுதப்பட்டவை அல்லவே என்பது முதலாவது. உண்மைதான். பேரப்பிள்ளையோ பக்கத்து வீட்டு மாணவியோ சொல்லச் சொல்ல எழுதிய கடிதங்கள் ஏராளம். படிப்பு சாதியாலும் பாலாலும் மறுக்கப்பட்ட காலத்தில் அவை இன்னும் அதிகம். கையெழுத்தைப் பற்றிய என் வாதம் அவற்றுக்கு முழுதாகப் பொருந்தாது. எனினும் சொல்பவரின் பேச்சு எழுதுபவரின் பாடசாலைத் தமிழை உடைத்துக்கொண்டு வரும் இடங்கள் அவற்றில் உண்டு, வாசிப்பவர் அங்கே தாயின் குரலைப் பிடித்துக்கொள்வார். எல்லாக் கடிதமும் ஒரே வாய்பாடு என்பது இரண்டாவது மறுப்பு. வாய்பாடு கட்டாயம் இருந்தது; சுகம் கேட்பதும் கடவுளை வேண்டுவதும் மாறவில்லை. ஆனால் நெருங்கியவர்கள் அந்த வரிகளைச் சொல்லுக்காகப் படிக்கவில்லை. எழுத்து நடுங்குகிறதா, வழக்கத்தைவிடச் சாய்கிறதா என்று பார்த்தார்கள். தணிக்கைக்கு அஞ்சி எழுதிய காலத்தில் அது இன்னும் முக்கியமாயிற்று.

மூன்றாவது மறுப்பே கனமானது. வட்ஸ்அப்பில் முகமும் குரலும் அக்கணமே வருகின்றன. கடிதத்துக்காக மாதக்கணக்கில் ஏங்கிய துன்பத்தை இன்பம் என்று பாடுவது பழமையேக்கம் இல்லையா? அந்தத் துன்பத்தை மறைப்பதற்கில்லை. பிள்ளையின் முகத்தைத் தினமும் பார்க்கும் தாய் ஏரோகிராமைக் கைவிட்டது சரியான முடிவு. உடனடிச் செய்திக்குக் கடிதம் தோற்றுவிட்டது, மீண்டும் வெல்லப் போவதும் இல்லை. ஆனால் குரற்பதிவு தொலைபேசியோடு போகிறது; அதைத் தேடி வைப்பவர் குறைவு. கடிதம் வைத்திருப்பதற்கென்று முயற்சி எதுவும் இல்லாமலே ட்ரங்குப் பெட்டியின் அடியில் கிடந்து முப்பது ஆண்டுக்குப் பின்னும் வாசிக்கத் தருகிறது. அவ்வாறு கிடப்பதற்கு நல்ல தாளும் நிலைக்கும் மையும் உதவும் என்ற அளவில் எழுதுபொருள் ரசிகர்களின் கட்சிக்கு நியாயம் இருக்கிறது.

கிடந்தவற்றில் பெரும்பகுதி இப்போது இல்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது போன நூல்களையும் ஓலைச்சுவடிகளையும் உலகம் அறியும். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வீட்டோடு விட்டுவந்த கடிதக் கட்டுகளுக்குக் கணக்கே இல்லை. மிஞ்சியதைக் கறையானும் உப்புக் காற்றும் தின்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஓலைச்சுவடிகளையும் எண்ணிமப்படுத்தி வருகிறது. வீட்டுக் கடிதங்களுக்கும் அந்தக் கவனம் வேண்டும். உங்கள் வீட்டில் கட்டு ஒன்று இருந்தால் துருப்பிடித்த ஊசியையும் இறப்பர் வளையத்தையும் முதலில் கழற்றுங்கள். யார் யாருக்கு எழுதினார் என்பதைத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே பென்சிலால் குறித்து வையுங்கள். உறைகளை எறியாதீர்கள்: திகதி போடாமல் எழுதிய கடிதத்துக்குத் தபாற்கந்தோர் குத்திய முத்திரைதான் சாட்சி.