10.0.2.2 என்ற பழைய விலாசம்

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. செய்தித்தாளில் படித்த நினைவு உங்களில் பலருக்கு இருக்கும். வாங்கியவர்தான் குறைவு. படங்களோடு பார்க்கும் டிசிபி/ஐபி கணக்குக்கு 15,000 ரூபாய். என் போன்ற குமாஸ்தாவுக்கு அது பல மாதச் சம்பளம். மாணவர்களுக்கு 500 ரூபாயில் 'ஷெல்' கணக்கு ஒன்று தந்தார்கள். அதில் எழுத்து மட்டும்தான் ஓடும்.

இந்த ஏற்றத்தாழ்வு இங்கே மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டேனி காஸ்பரோவ்ஸ்கி என்பவர் அதே 1995-இல் 'ஸ்லர்ப்' என்ற நிரலை எழுதினார். மலிவான ஷெல் கணக்கில் அதை ஓடவிட்டால், வீட்டுக் கணினி முழு இணைப்பு பெற்றதுபோல் நடந்துகொள்ளும்.

எப்படி என்பதை ஆபீஸ் பாஷையில் சொல்கிறேன். ஒரு அலுவலகத்தில் பத்து செக்ஷன் இருந்தாலும் வெளியே போகும் கடிதங்கள் எல்லாம் ஒரே முகவரியில்தான் போகும். டெஸ்பாட்ச் குமாஸ்தா பதிவேட்டில் எந்தக் கடிதம் எந்த செக்ஷனுடையது என்று குறித்துக்கொள்வார். பதில் வந்தால் எண்ணைப் பார்த்து உரிய மேஜைக்கு அனுப்புவார். எண் இல்லாமல் வரும் கடிதம் அவர் மேஜையிலேயே கிடக்கும். ஸ்லர்ப் அந்த டெஸ்பாட்ச் குமாஸ்தா. அது தனக்கென வைத்துக்கொண்ட உள் முகவரிகள்: வீட்டுக் கணினிக்கு 10.0.2.15, தான் ஓடும் பெரிய கணினிக்கு 10.0.2.2, பெயரைச் சொன்னால் முகவரி தேடித்தரும் இடத்துக்கு 10.0.2.3.

ஷெல் கணக்குகள் மறைந்தன. ஸ்லர்ப் மறையவில்லை. 2003-இல் ஃபப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர், ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியைப் போலி செய்யும் 'கெமு' மென்பொருளை வெளியிட்டார். (காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு சொந்தம் கொண்டாடல். பை என்ற எண்ணை 2.7 லட்சம் கோடி இலக்கம் வரை சாதாரண மேஜைக் கணினியில் கணக்கிட்டவரும் இவரே.) உள்ளே இருக்கும் போலிக் கணினிக்கு வெளியுலகத் தொடர்பு வேண்டுமே, அதற்கு ஸ்லர்ப் கைகொடுத்தது. பிறகு கூகுள் தன் ஆண்ட்ராய்டு எமுலேட்டரை, அதாவது மடிக்கணினித் திரையில் ஓடும் போலிச் செல்பேசியை, கெமுவின் மேல் கட்டியது. விலாசங்களும் கூடவே வந்துவிட்டன.

கடைசி ஆண்டு படிக்கும் என் பேத்தி விடுமுறைக்கு வல்லத்திராக்கோட்டை வந்திருந்தபோது இது எனக்குத் தெரியவந்தது. மகளிர் குழுவுக்கான கணக்குச் செயலி அவளுடைய புராஜெக்ட். ஒப்படைக்க நான்கு நாள்தான் பாக்கி. சோதித்துப் பார்க்கத் தனிச் செல்பேசி கிடையாது, எமுலேட்டர்தான் கதி. அது திரும்பத் திரும்ப 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்றது. அவளுடைய சர்வர் அதே மடிக்கணினியில் ஓடிக்கொண்டிருந்தது.

செயலியில் 127.0.0.1 என்று எழுதியிருந்தாள். அந்த எண்ணுக்கு 'நானே' என்று பொருள். போலிச் செல்பேசி அதை எழுதினால் கடிதம் அதன் மேஜைக்கே திரும்புகிறது, மடிக்கணினிக்குப் போவதில்லை. 10.0.2.2 என்று மாற்றினாள். மறுப்பு நின்றது, வேறு தடை வந்தது. 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், பூட்டில்லாத சாதாரண எச்டிடிபி கடிதங்களைத் தனியே அனுமதி கொடுத்தால் ஒழிய அனுப்புவதில்லை. அதற்கும் சோதனை அளவில் ஒரு அனுமதி எழுதினாள்.

மறுநாள் மின்சாரம் போய், வைஃபையை விட்டு என் செல்பேசியின் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினாள். மடிக்கணினியில் எல்லாம் வந்தது, எமுலேட்டரில் எந்த வெளித்தளமும் வரவில்லை. பெயர் தேடித்தரும் சர்வர்களின் பட்டியலை எமுலேட்டர் தான் தொடங்கும்போதே வாங்கி வைத்துக்கொள்கிறது. இவள் வழி மாற்றியது அதற்குத் தெரியாது. முழுக்க அணைத்துத் திரும்பத் தொடங்கியதும் சரியாயிற்று. இடையில் 'பிங்' போட்டுப் பதில் வராமல் அரைமணி நேரம் வீணாக்கினாள். இந்த டெஸ்பாட்ச் குமாஸ்தா பல சமயம் பிங்கை வாங்கிக்கொள்வதே இல்லை. பிங் வராததை வைத்து இணைப்பே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

வேறு எமுலேட்டர் வைத்திருப்பவர் பேரப்பிள்ளைகளிடம் இதையும் சொல்லுங்கள்: பாரிஸ்காரர்களின் ஜெனிமோஷனில் அந்த விலாசம் 10.0.3.2.