சேர்ந்து வாழ்ந்ததால் வந்த சுற்றம்

2024-ஆம் ஆண்டு அக்டோபர், நவம்பர் மாதங்களில் தென்கொரியாவின் ஜே.டி.பி.சி. தொலைக்காட்சியில் 16 பகுதிகளாக ஒளிபரப்பான 'ஃபேமிலி பை சாய்ஸ்' என்னும் தொடர், நான்கு ஆண்டுகளுக்கு முன் சீன தேசத்தில் வெளிவந்து பிரசித்தி பெற்ற ஒரு தொடரைத் தழுவியது. நூடுல்ஸ் கடை நடத்தும் ஒரு தகப்பனாரும், மேல்மாடியில் குடியிருக்கும் ஒரு போலீஸ்காரரும், தாயின் பராமரிப்பை இழந்த மூன்று குழந்தைகளை ஒரே வீட்டுப் பிள்ளைகளாக வளர்த்து ஆளாக்குகிறார்கள் என்பதே அதன் கதை. கடைக்காரத் தகப்பனார் மூவருக்கும் வேற்றுமையின்றிப் பரிமாறி மகிழும் காட்சிகளில் பார்த்தவர்கள் கண்கலங்கினார்கள். விட்டுப் போன தாய் வருஷங்கள் கழித்து வந்து உரிமை கொண்டாடியபோது கொதித்தார்கள். உடன்பிறப்புக்களாக வளர்ந்தவர்களிடையே காதல் அரும்பியபோது பலர் மனம் ஒப்பாமல் தயங்கினார்கள். இந்த அழுகை, கோபம், தயக்கம் மூன்றுக்கும் கொரிய தேசத்தின் குடும்ப சரித்திரத்தில் ஆழ்ந்த வேர்கள் இருக்கின்றன. அவற்றைத் தொடர்ந்து சென்று பார்ப்போமானால், ரத்த பந்தம் ஒன்றே உறவு என்று நெடுங்காலம் சாதித்து வந்த ஒரு சமூகத்தில், சோறிட்டு வளர்த்தவனும் தகப்பனே என்ற உண்மை எத்தனை துன்பங்களின் வழியே ஜனங்களின் மனத்தில் நிலைபெற்றது என்பது விளங்கும்.

1392 முதல் 1910 வரை ஆண்ட ஜோசன் வம்சத்தின் முற்பகுதியில், கொரியக் குடும்பம் பிற்காலத்தார் அறிந்த கடுமையான உருவத்தை இன்னும் அடையவில்லை. 1485-இல் அமலுக்கு வந்த சட்டத் தொகுப்பு பெற்றோர் சொத்தில் புத்திரனுக்கும் புத்திரிக்கும் சம பாகம் வகுத்தது. கல்யாணமான ஆண்மகன் மாமனார் வீட்டில் பல வருஷம் தங்கி வாழ்வது சகஜமாக இருந்தது. மூதாதையருக்குரிய சடங்குகளை ஆண், பெண் என்ற பேதமின்றி மக்கள் முறைவைத்துச் செய்து வந்தார்கள். பதினேழாம் நூற்றாண்டிலிருந்து கன்பூஷிய நெறி பிரபுக்களின் வீடுகளில் முழு ஆதிக்கம் பெற்ற பின்னரே, மூத்த குமாரனே குலத்தை நடத்துபவன், பெண் பிறந்த வீட்டுக்கு அந்நியள், வம்சாவளி ஏட்டில் ஏறிய பெயர்களே குடும்பம் என்ற நியமங்கள் இறுகின. பிள்ளையில்லாதவர் தத்து எடுக்க நேர்ந்தால், தம் குலத்திலேயே சகோதரன் மகன் முறையுள்ள ஒருவனைத்தான் எடுக்கலாம். வேறு குலத்துப் பிள்ளை எத்தனை அருமையாக வளர்ந்தாலும் மூதாதையரின் முன் நின்று நிவேதனம் செய்ய அருகன் அல்லன்.

ஆனாலும் பஞ்சம் குலம் பார்ப்பதில்லை. 1783-ஆம் ஆண்டில் ஜோங்ஜோ மன்னர், தெருவில் அலையும் அனாதைக் குழந்தைகளையும் கைவிடப்பட்ட சிசுக்களையும் காப்பாற்றுவதற்கென்று விதிகள் வகுத்து, எல்லோரும் அறியும்படி சீன எழுத்திலும் கொரிய எழுத்திலும் வெளியிட்டார். குழந்தைகளுக்கு அரசாங்கச் செலவில் உணவும், சிசுக்களுக்குப் பால் கொடுக்கத் தாதியரும் ஏற்பாடாயிற்று. எடுத்து வளர்க்க முன்வருவோர் அவர்களைத் தம் மக்களாகவோ பணியாட்களாகவோ வைத்துக்கொள்ளலாம் என்றும் அவ்விதிகள் இடம் கொடுத்தன. பெற்றவர் கைவிட்ட பிள்ளைக்கு ஒரு வீட்டின் அன்னம் கிடைக்கும். அந்த வீட்டின் மகனாவதும் வேலைக்காரனாவதும் எடுத்தவரின் மனத்தைப் பொறுத்தது. கருணையும் குலாசாரமும் ஒன்றையொன்று முழுதும் வெல்லாமல் இப்படியே நெடுங்காலம் அருகருகே நின்றன.

கிராமங்களிலோ ஜனங்கள் ஏட்டுக்கு வெளியே வேறொரு சுற்றத்தை உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் ஒருவர் வயலில் மற்றவர் முறைமாற்றி உழைத்தார்கள். குளிர் காலத்துக்கு முன் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி நூற்றுக்கணக்கான முட்டைக்கோசுகளுக்கு உப்பிட்டு, மிளகாய் விழுது தடவி, வீட்டுக்கு வீடு கிம்ச்சி போட்டு முடித்தார்கள். யார் வீட்டில் சாவு நேர்ந்தாலும் பாடை சுமப்பதற்கென்றே சிறு தொகை சேர்த்து வைக்கும் கூட்டங்கள் இருந்தன. தொலைக்காட்சித் தொடர்கள் இன்று காட்டும் அண்டைவீட்டு உறவு எழுத்தாளரின் வெறுங்கற்பனை அல்ல. உழைப்பிலும் துக்கத்திலும் கொரியர்களுடைய பாட்டன் பாட்டிமார் பழகிய வாழ்க்கை அது.

ஜப்பானியர் ஆட்சியில் புகுந்து, 1960-இல் அமலான தென்கொரிய சிவில் சட்டத்திலும் நிலைத்த குடும்பத் தலைவர் முறை, பழைய குலாசாரத்தைக் காகிதத்தில் பூட்டி வைத்தது. ஹோஜு என்று அழைக்கப்பட்ட தலைவரின் கீழ்தான் ஒவ்வொருவரும் பதிவு பெற வேண்டும். தகப்பன் இறந்தால் பாட்டியையும் தாயையும் தாண்டி, நடை பழகும் ஆண்குழந்தைக்கே அந்தத் தலைமை போகும். விவாகரத்துக்குப் பின் தானே வளர்த்து வரும் குழந்தையைக்கூடத் தாய் தன் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ள முடியாது. மறுமணம் செய்துகொண்டாலோ, அக்குழந்தை மாற்றாந்தகப்பனின் வீட்டில் வேறு குடும்பப் பெயரோடு வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு முறை பெயர் வாசிக்கப்படும்போதும் கூசி நிற்க வேண்டும். பிள்ளை யாருடையது என்பதைப் பிறப்பே தீர்மானிக்கும் என்ற சட்டத்தின் கீழ் மூன்று தலைமுறைகள் வாழ்ந்தன. வளர்க்காதவர் வந்து உரிமை கோரும் காட்சி கொரியர்களை இன்றும் அத்தனை கோபம் கொள்ளச் செய்வதற்கு அந்த அநுபவம் ஒரு முக்கிய காரணம் என்றே நான் கருதுகிறேன்.

இந்த முறை வேரூன்றிக்கொண்டிருந்த காலத்திலேயே, அது காப்பாற்ற எண்ணிய குடும்பங்களை யுத்தம் சிதற அடித்தது. 1950 ஜூன் 25-இல் போர் மூண்டது. அவ்வாண்டு டிசம்பரில் வடக்கேயுள்ள ஹுங்னாம் துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய ஒரு லட்சம் அகதிகள் கப்பல்களில் தெற்கே வந்தார்கள். கூட்டத்தில் கை நழுவிப் போனால் பூசான் நகரத்து யோங்டோ பாலத்தில் சந்திப்போம் என்று எத்தனையோ குடும்பங்கள் பேசி வைத்துக்கொண்டன. தெற்கே ஊர் பெயர் அறியாதவர்களும் அந்தப் பாலத்தின் பெயரை அறிந்திருந்தார்கள். அங்கே நாள்தோறும் நின்று வருவோர் போவோர் முகத்தைப் பார்த்தவர்களும், பாலத்தடியில் கடை விரித்திருந்த ஜோசியர்களிடம் உற்றார் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டவர்களும் கணக்கற்றவர். 1953 ஜூலையில் போர் நின்றபோது எல்லைக்கு இரு புறமும் பிரிந்தவர்கள் பிரிந்தவர்களாகவே நின்றார்கள்.

அனாதைகளாக எஞ்சிய குழந்தைகளையும், பின்னர் வறுமையினாலும் மணமாகாத தாய்மாரிடம் சமூகம் கொண்ட வெறுப்பினாலும் கைவிடப்பட்ட குழந்தைகளையும் கொரியா அயல் நாடுகளுக்குத் தத்து அனுப்பத் தொடங்கியது. எழுபது ஆண்டுகளில் அப்படிச் சென்றவர்கள் ஏறத்தாழ 2 லட்சம் பேர். உள்நாட்டில் தத்து எடுத்தவர்களிலும் பலர், பெற்ற பிள்ளை என்றே பதிவு செய்து, பிள்ளைக்கும் ஊருக்கும் ரகசியமாக வைத்தார்கள். அயல்நாட்டுத் தத்துக்களில் பதிவுகள் திரிக்கப்பட்டன, குழந்தைகளின் உரிமைகள் மீறப்பட்டன என்று தென்கொரியாவின் உண்மை மற்றும் சமரச ஆணையம் அறிவித்து, அதற்கு அரசாங்கத்தைப் பொறுப்பாக்கியது 2025 மார்ச் மாதத்தில்தான்.

இப்படி மறைத்து வைத்த உறவு பின்னர் தொலைக்காட்சித் திரையில் வெளிப்பட்டது. கே.பி.எஸ். தொலைக்காட்சி 1961-ஆம் ஆண்டின் கடைசி நாளில் தொடங்கியது. 1980-இல் எம்.பி.சி. என்னும் மற்றொரு நிலையம் ஆரம்பித்த 'கிராமத்து நாட்குறிப்பு' என்ற தொடர் 2002 வரை 1,088 பகுதிகள் ஓடிற்று. மூத்தோர் சொல் தவறாத ஒரு விவசாயக் குடும்பத்தின் கதையான அதில், அந்தக் குடும்பம் ஓர் ஆதரவற்ற சிறுவனை எடுத்துத் தன் பிள்ளையாக வளர்க்கிறது. தத்துப் பிள்ளையை மறைத்து வைத்த ஒரு சமூகத்தின் கூடத்திலே, எல்லோரும் மதிக்கும் ஒரு குடும்பம் அவனை வெளிப்படையாகத் தன் மகன் என்று சொல்லிக்கொண்டது.

எனினும், ஜனங்களைப் பிறர் குடும்பத்துக்காக அழப் பழக்கியது நாடகம் அன்று, நிஜம். 1983 ஜூன் 30-ஆம் தேதி இரவு, யுத்தத்தில் பிரிந்தவர்களைத் தேடும் 95 நிமிஷ நிகழ்ச்சி ஒன்றைக் கே.பி.எஸ். நேரடியாக ஒளிபரப்பியது. வந்து குவிந்தவர்களின் கூட்டத்தாலும் ஓயாத தொலைபேசி அழைப்புக்களாலும் அதை நிறுத்த முடியாமல் போயிற்று. நவம்பர் 14 வரை, 138 நாட்களில், மொத்தம் 453 மணி 45 நிமிஷம் அது நீண்டது. சியோல் நகரத்து யோயிடோவிலிருந்த நிலையத்தின் சுவர்களிலும் தரையிலும் அட்டைகள் நிறைந்தன. தகப்பனார் பெயர், தாயார் பெயர், பிறந்த ஊர், பிரிந்த இடம், அப்போதைய வயது, நெற்றியிலோ காலிலோ உள்ள தழும்பு ஆகிய இவையே ஒவ்வோர் அட்டையிலும் எழுதியிருந்தன. திரையின் ஒரு பாதியில் சியோலில் ஒருவர், மறு பாதியில் வெளியூர் நிலையத்தில் ஒருவர். வீட்டில் தம்மை என்ன செல்லப் பெயரால் அழைத்தார்கள், முற்றத்தில் என்ன மரம் நின்றது, தங்கையை யார் முதுகில் சுமந்து வந்தார்கள் என்று ஒருவரையொருவர் தடுமாறிக் கேட்டுக்கொண்டே வந்து, ஒரு விவரம் பொருந்திய கணத்தில் இருவரும் கதறி விடுவார்கள். 1,00,952 பேர் விண்ணப்பித்தார்கள். 53,536 பேர் திரையில் தோன்றினார்கள். 10,189 பேருக்கு உற்றார் கிடைத்தார்கள். 2015-இல் யுனெஸ்கோ இந்த ஒளிபரப்பின் ஆவணங்களை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

அந்த 138 நாட்களின் சிறப்பு கண்டுபிடித்தவர்களோடு முடியவில்லை. யாரையும் தொலைக்காதவர்களும் இரவு முழுவதும் விழித்திருந்து, முன்பின் அறியாத ஒருத்தி தன் அண்ணனைக் கண்டதற்குத் தங்கள் வீட்டில் அழுதார்கள். முப்பது வருஷம் பிரிந்திருந்த ரத்த பந்தத்தைத் தேடி ஆரம்பித்த நிகழ்ச்சி, ரத்த பந்தமே இல்லாத ஒரு தேசத்து ஜனங்களை ஒரே வீட்டுத் துக்கத்தில் உட்கார வைத்தது. இன்றைய தொடர்களைப் பார்த்து வடியும் கண்ணீருக்கு அதுவே பயிற்சிக் களம்.

2015 நவம்பரில் டி.வி.என். தொலைக்காட்சி தொடங்கிய 'ரிப்ளை 1988' என்னும் தொடர் சியோலின் சாங்முன்டோங் பகுதியில் ஒரு சந்தில் வாழும் ஐந்து குடும்பங்களின் கதை. முதற்பகுதியிலேயே, சாப்பாட்டு வேளையில் ஒரு வீட்டுப் பதார்த்தம் பிள்ளைகளின் கையில் அடுத்த வீட்டுக்குப் போகிறது. அங்கிருந்து வேறொரு கிண்ணம் வருகிறது. ஓடி அலுத்த பிள்ளைகள், இப்படியானால் எல்லோரும் ஒன்றாகவே உட்கார்ந்து சாப்பிடலாமே என்று முணுமுணுக்கிறார்கள். தாயில்லாத சிறுவன் ஒருவனைச் சந்து முழுவதும் வளர்க்கிறது. கதாநாயகி யாரை மணப்பாள் என்று நேயர்கள் இரு கட்சிகளாகப் பிரிந்து வாதாடினார்கள். ஆனாலும் தாய் தகப்பன்மாரின் காட்சிகளில் இரு கட்சியும் சேர்ந்தே அழுதன. ஒரே குடும்பப் பெயரும் ஒரே பூர்வீகமும் உடையவர்கள் மணக்கக்கூடாது என்ற பழைய தடை அத்தொடரிலும் ஒரு காதலுக்குக் குறுக்கே நிற்கிறது. பல தலைமுறை முன் பிரிந்து, ஒருவரையொருவர் அறியாதவர்களையும் சட்டம் சகோதரர் என்றது. 'ஃபேமிலி பை சாய்ஸ்' தொடரில் உடன் உண்டு உடன் உறங்கி வளர்ந்தவர்களின் காதலைக் கண்டு இன்றைய நேயர் தயங்குவதோ இதற்கு நேர் எதிரானது. ரத்தத்தால் அந்நியர்களான அவர்களை அண்ணன் தங்கை என்று மனப்பூர்வமாக ஒப்புக்கொண்டிராவிட்டால், அந்தத் தயக்கத்துக்கு இடமே இராது. அக்குடும்பம் நிஜமானது என்பதற்கு அதைவிடச் சிறந்த சாக்ஷியம் வேறில்லை.

அந்த விவாகத் தடையை 1997-இலும், குடும்பத் தலைவர் முறையை 2005-இலும் அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாதவை என்று தீர்த்தது. 2008 ஜனவரி முதல் நாளில் ஹோஜு முறை ஒழிந்தது. மாற்றாந்தகப்பனின் குடும்பப் பெயரைப் பிள்ளை பெறவும், தத்துப் பிள்ளை சொந்தப் பிள்ளைக்குரிய முழு அந்தஸ்து அடையவும் வழி பிறந்தது.

2018-இல் வந்த 'மை மிஸ்டர்' என்னும் தொடர் இந்த மாறுதலின் ஆழத்தைக் காட்டியது. நடுவயது மனிதர் ஒருவரையும் கடனில் மூழ்கிய இளம்பெண் ஒருத்தியையும் இணைக்கும் கதையா என்று ஆரம்பத்தில் பலத்த ஆக்ஷேபம் எழுந்தது. முடிவு வரும்போதோ ஆக்ஷேபித்தவர்களிலும் பலர் அதைத் தம் வாழ்நாளின் சிறந்த நாடகம் என்று கொண்டாடினார்கள். அதில் அந்தப் பெண்ணுக்கு ஒரே நாதியாக இருந்த காது கேளாத பாட்டி இறந்துபோகிறாள். வருவார் இல்லாமல் வெறிச்சோடியிருக்க வேண்டிய அந்தச் சாவு வீட்டுக்கு, அந்த மனிதரின் தமையன் யாருக்கும் தெரியாமல் ஒளித்துச் சேர்த்திருந்த பணத்தையெல்லாம் எடுத்து மலர் வளையங்கள் வருவிக்கிறான். தெருவிலுள்ள கால்பந்துக் குழுவினர் திரண்டு வந்து, உட்கார்ந்து உண்டு, இரவெல்லாம் துணையிருக்கிறார்கள். பழைய கிராமத்தில் பாடை சுமந்த கூட்டத்தையே, பட்டணத்துத் தெருவில் ஆசிரியர் திரும்பப் பிறப்பித்தார் என்று சொல்ல வேண்டும்.

இன்று தென்கொரியாவில் மூன்றில் ஒரு வீட்டுக்கு மேல் ஒருவர் மட்டுமே வாழ்கிறார். 2023-இன் கணக்குப்படி அது 35.5 சதவீதம். ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தை அவ்வாண்டில் 0.72. உறவினர் முன்வராமல் போனால் இறந்தவரோடு நெடுநாள் பழகியவர்களே ஈமச் சடங்கை நடத்தலாம் என்று சட்டம் திருத்தப்பட்டதும் 2023-இல்தான். ஒன்றாக வாழ்வோருக்குக் குடும்ப அந்தஸ்து அளிக்க அதே ஆண்டில் வந்த மசோதா நிறைவேறவில்லை. ஆகவே, இத்தகைய தொடர்களைப் பார்த்து அழுவோரை, பொழுதுபோக்கில் மயங்கியவர்கள் என்று எளிதாகத் தள்ளிவிடுவது தகாது. குலம், யுத்தம், சட்டம் ஆகிய மூன்றும் மாறி மாறிப் பிரித்த ஒரு ஜன சமூகம், யார் என் உற்றார் என்ற கேள்விக்குத் தன் அநுபவத்திலிருந்து விடை கண்டிருக்கிறது: பசிக்கு இட்டவரும், நோயில் பார்த்தவரும், சாவில் வந்து நின்றவருமே சுற்றத்தார். ஜனங்களின் ஹிருதயம் இப்படித் தீர்ப்பளித்து வெகு காலமாகிவிட்டது. சட்டம் அதைப் பின்பற்றி வரவேண்டிய தூரம் இன்னும் இருக்கிறது.