சாம்பல் இல்லை, கந்தகம்

பெரிய எரிமலை வெடித்தால் அடுத்த ஒன்றிரண்டு வருஷம் உலகம் கொஞ்சம் குளிரும். சாம்பல் மேலே போய் வெயிலை மறைக்கிறது என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். சாம்பல் இல்லை, கந்தகம்தான் என்று சில விஞ்ஞானிகள் சந்தேகப்பட்டார்கள். அதை அளந்து காட்டியது ஒரு செயற்கைக்கோள். அதுவும் தற்செயலாக!

1978-ல் அமெரிக்கா அனுப்பிய நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் ஓசோன் வாயுவை அளக்க ஒரு கருவி இருந்தது. பூமியில் பட்டுத் திரும்பும் புற ஊதாக் கதிர் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, ஓசோன் இவ்வளவு என்று அது சொல்லும். 1982 ஏப்ரல் தொடக்கத்தில் மெக்சிகோவில் எல் சிச்சோன் எரிமலை பலமாக வெடித்தது. அந்த வட்டாரத்தில் ஓசோன் மளமளவென்று கூடிவிட்டதாகக் கருவி காட்டிற்று. எரிமலைக்கும் ஓசோனுக்கும் என்னய்யா சம்பந்தம்? ஆராய்ந்து பார்த்தால் அது ஓசோனே இல்லை. கந்தக டை ஆக்சைடு. அதுவும் அதே கதிரைத்தான் விழுங்கும். நெல்லோடு நெல்லாகக் குதிரைவாலிக் களை நிற்குமே, அந்த மாதிரி! ஆர்லின் க்ரூகர் என்ற விஞ்ஞானி இதை 1983-ல் வெளியிட்டார்.

பிறகு கணக்குப் போடுவது சுலபமாயிற்று. 1980-ல் அமெரிக்காவில் வெடித்த செயின்ட் ஹெலன்ஸ் மலை சாம்பலை வாரி இறைத்தது. கந்தக வாயு சுமார் 10 லட்சம் டன்தான், உலகம் குளிரவில்லை. எல் சிச்சோன் கக்கியதோ சுமார் 70 லட்சம் டன்.

சாம்பல் நோய்க்கு நாம் தூவுகிற கந்தகத் தூள் ஒரு மழையில் கழுவிப் போய்விடும். ஆனால் 20 கிலோமீட்டர் உயரத்தில் மழையே கிடையாது. அங்கே போன கந்தக வாயு ஈரத்தோடு கலந்து கந்தக அமிலப் பொடித் துளிகளாகி, இரண்டு மூன்று வருஷம் மிதந்து வெயிலைத் திருப்பி அனுப்பும். கனமான சாம்பலோ சீக்கிரமே கீழே விழுந்துவிடும்.

1991 ஜூன் 15-ல் பிலிப்பைன்ஸில் பினாடுபோ வெடித்தபோது அதே கருவி வேலையில் இருந்தது. வாயு ஒன்றரைக் கோடி டன்னுக்குக் குறையவில்லை. மூன்றே வாரத்தில் அந்த மேகம் உலகைச் சுற்றி வந்தது. 1992-ல் உலகச் சராசரி வெப்பம் சுமார் அரை டிகிரி இறங்கிற்று.

குளிர்ச்சி நல்லதுதானே என்பீர்கள். வெயில் குறைந்தால் கடல்நீர் ஆவியாவதும் குறையுமே! அந்த வருஷம் உலக அளவில் நிலத்தில் பெய்த மழையும் ஆறுகளில் ஓடிய நீரும் வெகுவாகக் குறைந்தன. எல் நினோவுக்கும் அதில் பங்குண்டு. இன்றைக்குப் பூமியின் சூட்டைக் குறைக்க விமானத்தில் கந்தகம் கொண்டுபோய்த் தூவலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். 1992-ன் மழைக் கணக்கைப் பார்த்த விஞ்ஞானிகள் சிலர், மழை குறைந்து வறட்சி வரலாம் என்று அவர்களை எச்சரித்திருக்கிறார்கள்.