பெட்டியும் மூட்டையும்: கண்டி மலைநாட்டுப் பயணங்களில் உடைத் தெரிவு

பயண வரலாற்றை எழுதுவோர் கப்பல்களையும் பாதைகளையும் பற்றி விரிவாக எழுதுவர்; பயணி தன் பெட்டியில் எதை மடித்து வைத்தான் என்பதைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. அற்பச் செய்தியென அது ஒதுக்கப்படுகிறது. ஆயினும் ஒருவர் புறப்படுமுன் எடுத்து வைக்கும் உடைகளில், தாம் செல்லும் நாட்டைப் பற்றி அவர் கொண்ட அச்சமும், அங்கு தமக்கு உரியதென அவர் கருதும் இடமும், எல்லாவற்றுக்கும் மேலாக அவருடைய கையிருப்பும் பதிந்து கிடக்கின்றன. இன்று வெப்பமண்டலக் கடற்கரை விடுதிகளுக்கு விடுமுறை செல்லும் மேல்நாட்டவர்க்கு என்னென்ன உடை கொண்டுசெல்ல வேண்டும் என்று பட்டியலிட்டு அறிவுரை கூறுவோர் பலர். இலங்கைக்கு வருவோருக்கான பட்டியலில் கடற்கரைக்கு ஒருவகை, கண்டித் தலதா மாளிகைக்கு ஒருவகை, நுவரெலியாவின் குளிருக்கு ஒருவகை என மூவகை உடை கூறப்படுவது வழக்கம். இப்பட்டியலுக்கு ஒரு முன்வரலாறு உண்டு. அதிலே பெட்டியோடு வந்தவர்களும் உளர். மூட்டையோடு வந்தவர்களும் உளர். கண்டியையும் அதனைச் சூழ்ந்த மலைப்பகுதிகளையும் களமாகக் கொண்டு இவ்விரு சாராரையும் ஒருங்குவைத்து நோக்குவதே எமது எண்ணம்.

கண்டியிலே உடை என்றும் தனிமனித விருப்பமாக இருந்ததில்லை என்பதை முதலிற் குறிப்பிட வேண்டும். 1660ஆம் ஆண்டு முதல் 1679ஆம் ஆண்டு வரை கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தமது நூலில், உயர்ந்தோரையும் தாழ்ந்தோரையும் வேறுபடுத்தி அறிவதற்கு அவர்தம் ஆடையின் நீளமும் மேலாடையுமே அடையாளங்களாக இருந்தமையை எடுத்துரைக்கின்றார். முழங்காலுக்குக் கீழே துணி இறங்குவதும் தோள் மூடப்படுவதும் பிறப்பால் வந்த உரிமைகள். நிலமானிய அமைப்பின் படிநிலைகள் ஒருவரின் உடம்பின் மீதே எழுதப்பட்டிருந்தன எனலாம். 1815இல் இராச்சியம் வீழ்ந்தபின் இவ்விதிகளின் சட்டவலிமை தளர்ந்தது. ஆனால் உடையால் மனிதரை அளக்கும் பழக்கம் தளரவில்லை. புதிய அளவுகோல்கள் கப்பலில் வந்திறங்கின.

1820களிற் கண்டிப் பகுதியிற் கோப்பித் தோட்டங்கள் தோன்றத் தொடங்கி, அடுத்த இரு தசாப்தங்களிற் காடுகள் பேரளவில் அழிக்கப்பட்டபோது, தோட்டத் துரையாக வேலைபார்க்க வந்த ஆங்கில, ஸ்கொத்லாந்து இளைஞனின் பெட்டியில் இருந்தவை எவை? அப்பெட்டியை அடுக்கியது அவனுடைய கையாயினும், அதனை நடத்தியது அக்கால ஐரோப்பிய மருத்துவக் கொள்கையே. வியர்வை திடீரெனக் குளிர்ந்தால் காய்ச்சலும் வயிற்றுக் கடுப்பும் வரும் என்று அக்கொள்கை கூறியது. ஆகவே வெப்பநாட்டுக்குப் புறப்பட்டவன் உடம்போடொட்டிய கம்பளித் துணியான ஃபிளனல் உள்ளாடைகளை எடுத்துக்கொண்டான். வயிற்றைச் சுற்றிக் கட்டுவதற்கு ஃபிளனற் பட்டி ஒன்றும் இருந்தது. வாந்திபேதியைத் தடுக்கும் என நம்பப்பட்டமையால் அதற்கு வாந்திபேதிப் பட்டி என்றே பெயர். 1884 அளவில் றொபேட் கொக் வாந்திபேதிக் கிருமியை இனங்கண்டு, அது நீர்வழி பரவுவதை உணர்த்திய பின்னரும், இப்பட்டி பல தசாப்தங்கள் பிரித்தானியரின் இடுப்பை விட்டு நீங்கவில்லை. தலைக்கு நெட்டித் தண்டின் வெண்சோற்றால் ஆன தொப்பி. வெயிலின் கதிர் மண்டையோட்டை ஊடுருவி மூளையைத் தாக்கும் என்ற அச்சத்தின் வடிவம் அது. 1869இற் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின், கிழக்கே வருவோர் போர்ட் சைட் துறைமுகத்தில் இறங்கி இத்தொப்பியை வாங்குவது ஒரு சடங்கு போலாயிற்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் படைவீரர் அதனைக் கைவிட்டபோது எவருடைய மூளையும் உருகிவிடவில்லை!

எனினும், பெட்டியிலிருந்த யாவும் மூடநம்பிக்கை என்று கூறிவிட முடியாது. 1859இல் வெளிவந்த எமர்சன் ரெனன்ற்றின் நூல், கோப்பித் தோட்டத் துரைமார் நெருக்கமாக நெய்த துணியாலான அட்டைக் காலுறைகளை அணிந்தே காட்டிற் புகுந்தனர் எனக் கூறுகிறது. உள்ளூர் மக்கள் எண்ணெயையும் புகையிலைச் சாம்பலையும் எலுமிச்சைச் சாற்றையும் பூசிக்கொண்டனர் என்பதும் அவர் தரும் செய்தியே. ஒரே அட்டைக்கு இருவேறு வைத்தியங்கள். ஒன்றுக்குத் துணி வேண்டும், மற்றதற்கு வேண்டியதில்லை.

இப்பெட்டியிற் கவனிக்கத்தக்கது இன்னொன்று உண்டு. வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் காற்சட்டையும் வெப்பநாட்டுக்கு ஏற்றவை என்பது உண்மையே. ஆனால் செம்மண் சேறும் ஓயாத மழையும் உள்ள மலையில் வெள்ளையுடை அணிவதற்கு, அதை நாள்தோறும் துவைக்கும் இன்னொருவர் வேண்டும். தோட்டத்து டோபி இல்லாமல் துரையின் வெண்மை இல்லை. உடைத் தெரிவு என்பது பிறர் உழைப்பின் மீது கொண்ட உரிமையாகவும் அமைகின்றது என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

கடற்கரைப் பயணிக்கும் ஓர் எடுத்துக்காட்டு அக்காலத்திலேயே கிடைக்கின்றது. ஜேர்மனிய உயிரியல் அறிஞர் ஏர்ண்ஸ்ற் ஹெக்கல் 1881ஆம் ஆண்டின் இறுதியில் 16 பெட்டிகளுடன் இலங்கைக்கு வந்தார். அவற்றுட் பெரும்பாலானவற்றில் இருந்தவை ஆய்வுக் கருவிகள். பேராதனைப் பூந்தோட்டத்தைக் கண்டு வியந்த அவர், தென்கரையிலுள்ள வெலிகமவின் தங்குமடத்திற் பல கிழமைகள் தங்கிக் கடல்வாழ் உயிர்களை ஆராய்ந்தார். கடற்கரை அவருக்கு ஆய்வுகூடம். கடற்கரையை உடம்பைக் காயவைக்கும் இடமாகக் கருதும் எண்ணம் அன்று ஐரோப்பியரிடத்தும் வேரூன்றவில்லை. வெயிலுக்கு அஞ்சி நெட்டித் தொப்பி அணிந்தவனின் பேரப்பிள்ளைகளே பின்னர் வெயிலைத் தேடி வந்தனர்.

இனி, மூட்டைக்கு வருவோம். இராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி, திருச்சி, புதுக்கோட்டை, சேலம் ஆகிய பகுதிகளிலிருந்து கங்காணிமாரின் பின்னே புறப்பட்ட மக்கள், தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, மெதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு ஏறத்தாழ 150 மைல் தூரம் காட்டுவழியே நடந்தனர். வாந்திபேதியும் மலேரியாவும் அவ்வழியில் அவர்களைக் கொன்று குவித்தன. துரையின் இடுப்பிலே ஃபிளனற் பட்டி இருந்தது. இவர்களிடம் அதுவும் இல்லை. பட்டி அவனைக் காக்கவில்லை என்பது வேறு விடயம். அவனைக் காத்தது அவன் நடக்காமல் வந்ததும் அவன் குடித்த நீருமே.

தலையிற் சுமந்து பல நாள் நடக்கவேண்டிய ஒருவர் எத்தனை உடை எடுக்க முடியும்? உடுத்திருப்பது ஒன்று, மாற்றுக்கு ஒன்று என்பதே மிகையாக இருந்திருக்கும். மேலும், அவர்கள் எடுத்த துணி யாவும் வெப்பமான சமவெளிக்கு உரிய பருத்தித் துணி. போகுமிடம் பனியும் மழையும் உள்ள மலை என்பதைக் கங்காணி சொன்னதாக நாட்டார் நினைவில் இல்லை; தேயிலைச் செடிக்கடியிலே தேங்காயும் மாசியும் கிடக்கும் என்ற கதையே நினைவில் நிற்கின்றது. கண்டி நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. நுவரெலியா 1,800 மீற்றரைக் கடந்தது. வட்டவளையிலும் டிம்புலவிலும் மழைக்காலக் காலைகள் எத்தகையன என்பதை, யாழ்ப்பாணத்திலிருந்து மெல்லிய சட்டைகளோடு பேராதனை வளாகத்திற்கு வந்து முதல் மார்கழியிற் பாடம் கற்றுக்கொண்ட மாணவர் ஓரளவு ஊகிக்கலாம்.

இந்த இடைவெளியை நிரப்பியதுதான் கறுப்புக் கம்பளி. தோட்ட நிருவாகம் அதனைத் தொழிலாளருக்கு வழங்கியது. ஆனால் இனாமாக அன்று. விலை சம்பளத்திற் கழிக்கப்பட்டது. அரிசிக்கும் முன்பணத்துக்கும் அடுத்தபடியாகக் கம்பளியும் கடன் கணக்கில் ஏறியது. ஊரிலே புறப்படும்போது கங்காணி கொடுத்த முன்பணமும் அவ்வாறே. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாறவேண்டுமாயின் கடன் முழுவதையும் தீர்க்க ஒப்புக்கொள்ளும் துண்டு வேண்டும். 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை துண்டு முறை அம்மக்களைக் கட்டிவைத்தது. உடுத்திருந்த கம்பளியே கட்டிய கயிற்றின் ஒரு புரியாக இருந்தது என்று கூறின் அது மிகையாகாது.

அக்கம்பளியின் பயன்களை இங்கு சற்று விரித்துக் கூறவேண்டும். இரவில் அது போர்வை, பகலில் மழைத்தடுப்பு, தலையில் மடித்துப் போடும்போது கொழுந்துக் கூடைக் கயிறு அழுத்தாதிருக்க ஓர் அணை. இடுப்பிலே கட்டும் படங்கு ஈரத் தேயிலைச் செடி சேலையைக் கிழிக்காமல் தடுத்தது. பெரட்டுக் களத்தில் விடியற்காலையிற் கூடி நின்ற உருவங்கள் கம்பளியுருவங்களே. அவர்களுக்கு மேலே நின்ற பெரிய கங்காணியோ வேட்டிக்கு மேற் கோட்டும் தலைப்பாகையும் அணிந்திருந்தார். துரையின் அலுமாரிக்கும் தொழிலாளியின் கொடிக்கயிற்றுக்கும் இடையில் அவர் நின்ற இடத்தை, இடுப்புக்குக் கீழே ஊரும் இடுப்புக்கு மேலே சீமையுமாக அவரது உடையே காட்டிற்று.

தோட்டத்து எல்லைக்குள் அயலார் நுழைவதை அத்துமீறற் சட்டம் தடுத்த காலத்தில், புடவை வியாபாரி ஒருவரே ஐயத்திற்கு இடமின்றி லயங்களுக்குள் சென்றுவரக் கூடியவராக இருந்தார். தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1919ஐ ஒட்டிய காலத்தில் இந்த வாய்ப்பைப் பயன்படுத்தினார். தொழிலாளரின் நிலையை நேரிற் கண்டறிய விரும்பிய அவர், புடவை வியாபாரியின் கோலத்தில் தோட்டங்களுட் புகுந்தார். அவரது வரலாற்றை ஆராய்ந்து நூல் எழுதிய சாரல்நாடன் இச்செய்தியைப் பதிவு செய்துள்ளார். தோளிலே துணிமூட்டை சுமந்து சென்ற அந்த நடையிலிருந்தே அவரது பத்திரிகைப் பணியும், 1931இல் அவர் அமைத்த தொழிலாளர் சம்மேளனமும் கிளைத்தன எனக் கருத இடமுண்டு. மலையகத் தொழிற்சங்க வரலாற்றின் முதற்பக்கத்தில் ஒரு புடவை மூட்டை இருப்பது எமக்கு மிகவும் பொருத்தமாகவே படுகிறது. புடவை வாங்குவதென்ற ஒரே ஒரு செயலிலேயே தொழிலாளப் பெண் தானே தெரிவு செய்பவளாக நின்றாள். தோட்ட நிருவாகம் அந்த ஒரு கதவை மட்டும் பூட்ட மறந்தது.

மூட்டையை மீண்டும் கட்டவேண்டிய நாளும் வந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். கண்டியிலுள்ள இந்திய உதவித் தூதரகம் பயண ஆவணங்களை வழங்கியது. மலைநாட்டு நிலையங்களிற் கோச்சியேறித் தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேசுவரம் அடைந்து, மண்டபம் முகாமில் இறங்கினர். பாட்டன்மார் மலைக்கு வரும்போது அடைத்து வைத்துச் சோதிக்கப்பட்ட அதே மண்டபம்!

இந்தப் பயணத்திற்கு எதை எடுத்துச் செல்வது? தகரப்பெட்டிக்கு முன் அமர்ந்த குடும்பத்தின் முன் எழுந்த கேள்வி எளியதன்று. நான்கு தலைமுறையாக மலைக்குளிரில் வாழ்ந்தோரின் உடைமைகளிற் கம்பளியும் சுவெற்றரும் முக்கியமானவை. இராமநாதபுரத்து வெயிலில் அவை வீண்சுமை. ஆகவே விட்டுச் செல்வதே அறிவு எனத் தோன்றும். ஆனால் மறுவாழ்வுத் திட்டம் எங்கே அனுப்பும் என்பது புறப்படும்போது அவர்கள் கையில் இல்லை. சிலருக்கு வியாபாரக் கடன் கிடைத்துச் சமவெளியிற் குடியேறினர். சிலர் நூலாலைகளுக்குச் சென்றனர். வேறு சிலரோ தமிழக அரசு 1968 முதல் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் உருவாக்கிய தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். அங்கே மீண்டும் அதே பனி, அதே கூடை, அதே கம்பளி. கொடைக்கானல் மலைகளில் மரம்வெட்டும் வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொத்தடிமைகளானோரும் உளர். 1980களிலேயே அவர்களது நிலை வெளியுலகிற்குத் தெரிந்தது. போகுமிடம் அறியாதவரால் உடை தெரிவு செய்ய முடியாது என்பது, விடுமுறைப் பட்டியல் எழுதுவோர் ஒருபோதும் எண்ணிப்பாராத ஒன்று.

இந்த மூட்டைகள் கடற்கரையை நோக்கி இறங்கிய அதே ஆண்டுகளில், எதிர்த்திசையில் வேறு பெட்டிகள் வந்தன. 1966இல் உல்லாசப் பிரயாணச் சபை அமைக்கப்பட்டது. பெந்தோட்டையில் விடுமுறை நகரம் ஒன்று திட்டமிடப்பட்டது. ஜெப்ரி பாவா அமைத்த பெந்தோட்டைக் கடற்கரை விடுதியின் முகப்பு மண்டபக் கூரையை, மாத்தளைக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையைப் பூர்வீகமாகக் கொண்ட ஈனா த சில்வாவின் பத்திக் துணிகள் அலங்கரித்தன. பத்திக் சாரமும் சட்டையும் விரைவிற் கடற்கரைப் பயணியின் உடையாயின. வெறுங்கையோடு வந்து கண்டிக் கடைத்தெருவில் வாங்கிக்கொள்ளலாம் என்ற நிலையும் உண்டாயிற்று. 1977இன் பொருளாதாரத் திறப்புக்குப் பின் ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. மேல்நாட்டவர் ஊரில் வாங்கிப் பெட்டியிலிட்டுக் கொண்டுவரும் நீச்சலுடையே இந்நாட்டுப் பெண்களாற் தைக்கப்பட்டதாக இருக்கலாம். அப்பெண்களில் லயங்களை விட்டுக் கட்டுநாயக்காவுக்குச் சென்ற மலையகத்துப் பிள்ளைகளும் அடங்குவர்.

தலதா மாளிகை வாயிலில் தோளும் முழங்காலும் மூடியிருத்தல் வேண்டும் என்பது எல்லோருக்கும் உரிய விதி. நொக்ஸ் கண்ட காலத்தில் மூடுவது சிலரின் சிறப்புரிமை. இன்று மூடுவது யாவரின் கடமை. இம்மாற்றத்தைக் கண்டியின் சமூக வரலாற்றாசிரியர் இன்னும் விரிவாக ஆராயவேண்டும்.

கடற்கரையில் ஒரு கிழமை, மலையில் இரண்டு நாள் என வரும் பயணிக்கு நுவரெலியாப் பக்கத்து விடுதிகளில் இப்பொழுது ஒரு வசதி உண்டு. கொழுந்து பறிக்கும் பெண்ணின் கோலத்திற் சேலை உடுத்திக் கூடை மாட்டி, சிறிது நேரம் தேயிலை பறித்துப் படமெடுத்துக் கொள்ளலாம். இவ்வுடையை ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வரவேண்டியதில்லை. விடுதியே தருகிறது, பின்னர் வாங்கிக்கொள்கிறது. அதன் விலை எவருடைய சம்பளத்திலும் கழிக்கப்படுவதில்லை.