ஊர் பேரில் இருக்கு, பாட்டில் இருக்கா?

எங்க ஊர் சுவாமிமலையில் ஆடிக் கிருத்திகை, கந்த சஷ்டி என்று ஏதாவது வந்துவிட்டால் போதும், விடியறதுக்கு முன்னாலேயே குழாய் ஸ்பீக்கர் முழங்க ஆரம்பித்துவிடும். முதலில் சீர்காழி கோவிந்தராஜன், அப்புறம் டி.எம்.எஸ்., நடுவில் கே.பி. சுந்தராம்பாள். தூக்கம் கெட்ட எரிச்சலோடு படுத்துக்கொண்டு கேட்ட ஒரு நாளில் வந்த சந்தேகம்தான் இந்தக் கட்டுரை.

சீர்காழி என்பது ஊர். எங்களுக்குக் கிழக்கே, நாங்கள் குடிக்கிற அதே காவிரித் தண்ணீர் பாய்கிற ஊர். சரி, அவர் பாட்டில் அந்த ஊர் எங்கே இருக்கிறது? குரலை மட்டும் கேட்டுவிட்டு இவர் சீர்காழியா, சிவகாசியா என்று யாராலாவது சொல்ல முடியுமா? என்னால் முடியவில்லை.

நம் பாட்டுக்காரர்களின் பெயர்களைக் கொஞ்சம் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். அரியக்குடி, செம்மங்குடி, மதுரை மணி, பெங்களூர் நாகரத்தினம்மாள், செங்கோட்டை கிட்டப்பா, கொடுமுடி சுந்தராம்பாள், சீர்காழி, நாகூர் ஹனிபா, மலேசியா வாசுதேவன், கொல்லங்குடி கருப்பாயி, பரவை முனியம்மா, புஷ்பவனம் குப்புசாமி. பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கூவுகிற மாதிரி இருக்கிறது இல்லையா :-) உலகத்தில் வேறு எங்காவது பாடகரின் ஊரை இவ்வளவு அக்கறையாகப் பெயருக்கு முன்னால் ஒட்டுவார்களா தெரியாது. ஆனால் பேரில் ஒட்டின ஊரைப் பாட்டிலிருந்து துடைத்து எடுப்பதிலும் அதே அக்கறை காட்டியிருக்கிறோம்.

இது எப்போது ஆரம்பித்தது? நான் நாடக மேடையிலிருந்து தொடங்குவேன். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகங்களை நடித்த கம்பெனிகள் ஒரு ஊரில் நிற்கவில்லை. மதுரையில் போட்டதையே திருநெல்வேலியிலும் தஞ்சாவூரிலும் போட வேண்டும், கப்பலேறி இலங்கையிலும் போட வேண்டும். செங்கோட்டைக்காரரான கிட்டப்பாவும் கொங்கு நாட்டுக் கொடுமுடியில் பிறந்த சுந்தராம்பாளும் ஜோடி சேர்ந்தது 1920-களில், இலங்கை மேடையில்தான். மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் ஒவ்வொரு எழுத்தும் விழ வேண்டும். வள்ளியும் முருகனும் யாழ்ப்பாணத்தானுக்கும் புரியணும், கும்பகோணத்தானுக்கும் புரியணும் என்றால் இருவருக்கும் பொதுவான ஒரு தமிழ் வேண்டும். அது ஏட்டுத் தமிழ். ழகரத்தை மடக்கி, ஒற்றை அழுத்தி, முழு வாய் திறந்து பாடுகிற தமிழ். சினிமா பேச ஆரம்பித்ததும் இதே ஆட்கள் அங்கே போனார்கள், இதே உச்சரிப்பும் கூடவே போனது. வீட்டில் சௌராஷ்டிரம் பேசிய மதுரைக்காரர் டி.எம்.எஸ்., மேடைத் தமிழுக்கே இலக்கணம் என்று பேர் வாங்கினார். ஆக, இந்த 'சுத்தமான' உச்சரிப்பு எந்த ஊர்க்காரனின் வீட்டுப் பேச்சும் இல்லை. எல்லோரும் கற்றுக்கொண்டு வந்ததுதான்.

கர்நாடக சங்கீதத்தில் கதை இன்னும் வேடிக்கை. திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜர் (1767–1847) பாடியது பெரும்பாலும் தெலுங்கில். அதை இருநூறு வருஷமாகத் தமிழ் நாக்குகள் பாடி வருகின்றன. நாம் பாடுகிற தெலுங்கைக் கேட்டு ஆந்திராக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வது பழைய கதை. தெலுங்கில் 'க' வேறு, 'க்ஹ' வேறு. நமக்கு எல்லாம் ஒரே 'க'. அதாவது காவிரிக் கரைக்காரர்களான நாமே அடுத்தவன் மொழியைக் கொச்சையாகப் பாடித்தான் பெரிய வித்வான்கள் ஆனோம். 1943-ல் தமிழ் இசைச் சங்கம் வந்தபோதும், 1946-ல் திருவையாறு ஆராதனையில் தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாடி அது பெரிய சர்ச்சையானபோதும் சண்டை தமிழா தெலுங்கா என்பதில்தான். எந்த ஊர்த் தமிழ் என்று அந்தச் சண்டையில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் கடல் தாண்டிப் போய்விட்டு வருவோம், காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 'சோல்' என்று ஒரு பாட்டு வகை உண்டு. தெற்கு மாநிலங்களின் கறுப்பின மக்கள் தேவாலயத்தில் பாடின முறை, வேலை தேடி வடக்கே போன லட்சக்கணக்கானவர்களோடு நகரங்களுக்குப் போய், காதல் பாட்டாக மாறியது என்று சுருக்கமாகச் சொல்லலாம். அரீத்தா ஃப்ராங்ளின் 1942-ல் பிறந்தது தெற்கே மெம்ஃபிஸில், வளர்ந்தது வடக்கே டெட்ராய்ட்டில், அப்பா பிரசங்கியார். அங்கேயும் இதே தகராறு. டெட்ராய்ட்டில் 1959-ல் தொடங்கிய மோடவுன் கம்பெனி தன் பாடகர்களுக்கு நடை உடை பாவனை சொல்லிக்கொடுக்கத் தனியாக ஆள் வைத்திருந்தது. வெள்ளைக்காரர் வீட்டு ரேடியோவிலும் ஓட வேண்டுமே! மெம்ஃபிஸில் இருந்த ஸ்டாக்ஸ் கம்பெனியோ தெற்கத்திக் கரகரப்பை அப்படியே விட்டது. ஜார்ஜியாக்காரரான ஓடிஸ் ரெடிங் பாடியது இங்கேதான்.

இதைவிட எனக்குப் பிடித்தது இங்கிலாந்து ரசிகர்கள் கதை. வடக்கு இங்கிலாந்தின் ஆலை ஊர்களில் இந்தப் பாட்டுக்கு ஒரு வெறியே இருந்தது. விகன் என்ற ஊரில் ஒரு மன்றத்தில் 1973 முதல் 1981 வரை ராத்திரி முழுக்க இதற்கு ஆடினார்கள். பேசுவது லங்காஷயர் கொச்சை, கூடச் சேர்ந்து பாடுவது அமெரிக்கக் கொச்சை. பீட்டர் ட்ரட்கில் என்ற மொழியியலாளர் இங்கிலாந்துப் பாப் பாடகர்கள் பாடும்போது மட்டும் அமெரிக்க உச்சரிப்புக்கு ஏன் தாவுகிறார்கள் என்றே ஆராய்ந்து 1983-ல் எழுதினார். லண்டனில் பிறந்த டஸ்டி ஸ்ப்ரிங்ஃபீல்ட் 1969-ல் 'டஸ்டி இன் மெம்ஃபிஸ்' என்று ஊர்ப்பேரோடு ஒரு ஆல்பம் போட்டார். அதில் அவர் குரலைக் கடைசியில் பதிவு செய்தது நியூயார்க்கில்! பேரில் ஊர், பாட்டு வேறெங்கோ. நம்ம கதைதானே.

இப்போது நம்ம ஊருக்குத் திரும்புவோம். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. அடுத்த வருஷம் '16 வயதினிலே'. தமிழ் சினிமாப் பாட்டில் கிராமத்து வாய் திறந்தது அப்போதுதான் என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாருடைய வாய்? அன்னக்கிளியாகப் பாடிய எஸ். ஜானகி ஆந்திராவின் குண்டூர் ஜில்லாக்காரர். கிராமத்து இளவட்டத்தின் குரல் என்று நாம் கொண்டாடிய மலேசியா வாசுதேவன் மலேசியாவில் மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர். (இருவரையும் குறை சொல்லவில்லை, அடிக்க வராதீங்க. ஜானகி பாட்டுக்கு நான் அடிமை.) இளையராஜா தானே பாடினபோது மட்டும் பண்ணைப்புரம் கொஞ்சம் கேட்டது. அந்தக் குரலைக் கிண்டலடித்தவர்களும் உண்டு.

நிஜமாகவே ஊர்வாயோடு ஒருவர் வந்தது 1985-ல், 'ஆண்பாவம்' படத்தில். கொல்லங்குடி கருப்பாயி. சிவகங்கைச் சீமைக்காரர், அதற்கு முன்பே வானொலியில் பாடி வந்தவர். அவர் பாடும்போது சொல்லின் கடைசி எழுத்து பாதி மூச்சில் கரைந்துபோகும், அடுத்த சொல் அதன் மேல் ஏறி உட்காரும். எழுதிக்கொடுத்தால் அந்த மாதிரி பாட வராது. அதன் பிறகு 2003-ல் 'தூள்' படத்தில் பரவை முனியம்மா, 2008-ல் 'காதலில் விழுந்தேன்' படத்தில் சின்னப்பொண்ணு. கவனித்தால் ஒன்று தெரியும். ஊர்ப் பேச்சோடு பாட அனுமதி கிடைத்தது கூத்துக்கும் குத்துக்கும்தான். காதலோ பக்தியோ என்றால் மறுபடியும் ஏட்டுத் தமிழ். முனியம்மா 2020-லும் கருப்பாயி 2025-லும் காலமானார்கள். 'மண்வாசனைக் குரல்' என்று எழுதினோம். அந்த மண்வாசனையில் ஒரு தாலாட்டை ஏன் கதாநாயகிக்குப் பாட விடவில்லை என்று எழுதவில்லை.

இதில் நம் ரசிகர்கள் பங்கு பெரிது. யேசுதாஸ் ஒரு பாட்டில் 'திரு'வைத் 'தெரு' ஆக்கிவிட்டார் என்ற பேச்சை இன்றைக்கும் டீக்கடையில் கேட்கலாம். உதித் நாராயணின் தமிழைக் கிண்டலடிக்காத காலேஜ் ஹாஸ்டல் கிடையாது. நானும் அடித்திருக்கிறேன். ஆனால் கிண்டலடிக்கிற நாம் வீட்டில் எப்படிப் பேசுகிறோம்? எங்க பக்கம் மழை 'மள'தான். வாழைப்பழம் 'வாளப்பளம்'தான். சென்னைக்குப் போனால் அது 'வாயப்பயம்'. நம் நாக்கில் இல்லாத ழகரத்தை மும்பைக்காரரிடம் கேட்கிறோம்.

என் அப்பாயி நடவுக்குப் போனவர். குறுவை, தாளடி என்று வயலில் இறங்கிக் குலவை போட்டு ஒருத்தர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்களாம். நான் சின்னப் பையனாக இருந்தபோது வாசலில் முறம் புடைத்துக்கொண்டே பாடுவார். ஆறாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் ழகரப் பயிற்சி கொடுத்துக் கொன்றெடுத்தார்கள். அந்த உற்சாகத்தில் வீட்டுக்கு வந்து, "அப்பாயி, மள இல்ல, மழை. நாக்க மடிச்சுச் சொல்லு" என்றேன். ஒன்றிரண்டு தடவை இல்லை, ஒவ்வொரு முறை பாடும்போதும். சிரித்துக்கொண்டே சொல்லிப் பார்த்தார். அப்புறம் எப்போது பாடுவதை விட்டார் என்று நான் கவனிக்கவே இல்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது செல்போனை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். இப்போதெல்லாம் நடவுக்கு மிஷின் வந்துவிட்டது, அந்தப் பாட்டு வேறு யாருக்கும் தெரியாது, பாடுங்க அப்பாயி என்று கெஞ்சினேன். ரொம்ப நேரம் யோசித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். இரண்டாவது அடியில் மழை வந்தது. நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். நாக்கை மடித்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அழுத்தமாக "மழை" என்றார். தாளம் தப்பிவிட்டது. மறுபடி முதலிலிருந்து எடுத்தார், மறுபடி அதே இடத்தில் நின்றார்.

"நீ படிச்சவன்யா, நீயே சரியா எழுதிக்க" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். செல்போனில் நாற்பது விநாடி இருக்கிறது.