இருபத்தோரிலக்க எண் ஒன்றின் வரலாறு

ஒன்றினும் பெரிய முழுவெண்களுள், ஒன்றாலும் தன்னாலுமன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாதவற்றை முதன்மை எண்கள் என்றும், ஏனையவற்றைச் சேர்த்தி எண்கள் என்றும் வகுத்தல் கணிதத்தின் தொன்மையான வழக்கு. சிறிய எண்களில் இவ்வகுப்பு மாணாக்கர்க்கும் எளிது. பெரிய எண்களிலோ அறிஞரையும் நெடுங்காலம் மயக்கியதுண்டு. 147573952589676412927 என்னும் எண் அதற்குத் தக்க சான்று. இரண்டின் 67ஆம் வலுவிலிருந்து ஒன்றைக் கழிக்கப் பெறப்படுவது இவ்வெண்.

இவ்வகை எண்கள் சிறப்புற்றமைக்கு யூக்கிளிட்டின் தேற்றமொன்று காரணமாகும். இரண்டின் ஒரு வலுவில் ஒன்று குறைய வருவது முதன்மை எண்ணாயின், அதனை அவ்வலுவின் அரைப்பங்காற் பெருக்க நிறைவெண் கிடைக்கும் என அவர் நிறுவினார். தன்னையொழிந்த தன் காரணிகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்ணே நிறைவெண். 7ஐ 4ஆற் பெருக்கப் பெறும் 28 அத்தகையது. 1, 2, 4, 7, 14 ஆகியவற்றின் கூட்டுத்தொகையும் 28 ஆதல் காண்க.

எச்சுட்டிகள் இவ்வாறு முதன்மை எண்ணைத் தருவன? சுட்டி முதன்மை எண்ணாதல் இன்றியமையாதது. ஆயினும் அது மட்டும் போதாது. 11ஆம் வலு தரும் 2047 என்பது 23, 89 ஆகியவற்றின் பெருக்கமாகும். மரின் மெர்சென் என்னும் பிரான்சியத் துறவி, 257 வரையுள்ள சுட்டிகளுள் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்றே முதன்மை எண் தருவன என 1644இல் வெளியிட்ட நூலிற் கூறினார், நிறுவல் தந்திலர். 31 பற்றிய கூற்று மெய்யென 1772இல் ஒயிலர் காட்டினார். 67 ஆராயப்படாதே கிடந்தது.

காரணிகளைத் தேடாமலே இத்தகைய எண்களைச் சோதிக்கும் முறையொன்றை வகுத்த எடுவாட் லூக்காஸ், 67 தருவது சேர்த்தி எண்ணே என 1876இல் முடிவு செய்தார். மெர்சென் பிழைபட்டமை தெளிவாயிற்று. ஆயின் அச்சோதனை எண் பகுபடும் என்றதேயன்றி, எதனாற் பகுபடும் என்று உரைக்கவில்லை.

அக்குறையை நிரப்பியவர் அமெரிக்க அறிஞர் பிராங்க் நெல்சன் கோல். காரணி ஒவ்வொன்றும் 134இன் மடங்கிலும் ஒன்று மிகுந்ததாதல் வேண்டும் என்னும் விதி தேடலைச் சுருக்குமாயினும், எஞ்சிய உழைப்புப் பெரிது. 1903 ஒற்றோபரில் நியூயோர்க்கில் நிகழ்ந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில், அவர் ஒரு சொல்லும் பேசாது, கரும்பலகையில் ஒருபுறம் இரண்டின் 67ஆம் வலுவைக் கணித்து ஒன்றைக் கழித்தார். மறுபுறம் 193707721ஐ 761838257287ஆற் பெருக்கினார். இரு விடைகளும் ஒத்தன. அவையோர் கரவொலி எழுப்பினர். மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் இதற்குச் செலவாயின என்று கோல் கூறியதாகவும், இந்நிகழ்ச்சியை எழுதிவைத்த எரிக் தெம்பிள் பெல் குறிப்பிடுகிறார்.

மெர்செனின் பட்டியல் முழுவதும் 1947க்குள் ஆராயப்பட்டது. 67ஐப் போன்றே 257உம் பிழையாயிற்று. 61, 89, 107 ஆகியன விடுபட்டிருந்தன. எனினும் இவ்வகை முதன்மை எண்கள் இன்றும் மெர்சென் பெயராலேயே வழங்குகின்றன. பிழைபட்ட பட்டியலேயாயினும் அது பிற்காலத்தாரை ஆராயத் தூண்டிற்று என்பதே அதற்கு நியாயம்.

கோல் ஆண்டுக்கணக்கில் தேடியதை இக்காலக் கணினி நொடிப்பொழுதிற் காணும். ஆயின் சேர்த்தி எண்ணென அறிதல் வேறு, அதன் காரணிகளை அறிதல் வேறு என லூக்காஸின் சோதனை புலப்படுத்திய வேறுபாடு மறைந்திலது; 1977இல் வகுக்கப்பட்ட ஆர்.எஸ்.ஏ. என்னும் மறைகுறி முறையின் காவலும் அவ்வேறுபாட்டிலேயே தங்கியுள்ளது. புகழ்பெற்ற ஒருவரின் கூற்று இருநூறாண்டுக்கு மேலாக நிலவலாம்; அதனை மெய்யாக்குவதும் பொய்யாக்குவதும் நிறுவலொன்றே.